வாசலில் சிக்கிய விண்கலம்

காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு ஆய்வாளர் வேலை. அதாவது, சந்தேகப்படுவதற்குச் சம்பளம். கடை தீப்பிடித்தது என்றால் தீக்குச்சி யார் பையில் இருந்தது என்று பார்ப்பார். கார் காணாமல் போனது என்றால், முதலில் கார் என்று ஒன்று இருந்ததா என்று கேட்பார். மற்ற ஊழியர்கள் சாயங்காலம் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றுவார்கள். இவர் சந்தேகத்தையும் கழுத்தில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவார். மூடியிருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு பலகை விளையாட்டைக் கண்டுபிடித்துத் தொலைத்தார்.

அதன் பெயர் ‘பேரண்டப் பெரும்பயணம்’. பெட்டி மூடியில் அடங்காமல் கடைசி எழுத்து விளிம்பில் மடங்கி இறங்கியது. ஆட்டம் இவ்வளவுதான்: குவியலிலிருந்து அட்டைத் துண்டுகளைப் பொறுக்கி விண்கலம் கட்ட வேண்டும். எஞ்சின், எரிபொருள் தொட்டி, கவசம், சரக்கு அறை என்று அகல அகலமாகக் கட்டினால் அதிகப் புள்ளி. கட்டியதும் பலகையில் வரைந்திருக்கும் கொட்டகை வாசல் வழியாகக் கிளம்ப வேண்டும். வழியெல்லாம் விண்கற்கள் மோதும். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு தூரத்துக் கிரகத்துக்குப் போய்ச் சேருகிறவர் வென்றவர்.

யார் முதலில் கிளம்புவது என்பதைத் தளபதி வில்லை தீர்மானிக்கும்; அது யார் கையில் இருக்கிறதோ அவர் முதலில். பித்தளையில் வார்த்த ஒரே ஒரு வில்லை. அதில் தலைக்கவசம் போட்ட முகம் ஒன்று பக்கவாட்டில் முறைத்துக்கொண்டிருந்தது. யார் இது என்று கேட்டவர்களிடம், “பொதுவா ஒரு தளபதி” என்பார் ஆய்வாளர். மூக்கு மட்டும் பொதுவான மூக்காக இல்லை, அவருடையதாக இருந்தது.

கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பயம். திருடிவிடுவார்கள். யார்? அதுதான் தெரியாது, தெரியாததால் எல்லாரும்.

ஆனால் ஆடிப் பார்க்காமல் ஒரு விளையாட்டைச் சரிபார்க்க முடியாது. ஆடுவதற்கு ஆட்கள் வேண்டும். ஆட்கள் என்றாலே ஆபத்து. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். ஆட்டத்தை மூன்றாக வெட்டினார். விண்கலம் கட்டுவது மட்டும் மனைவிக்கு. பறப்பது மட்டும் மனைவியின் தம்பிக்கு. விண்கல் சீட்டுகள் மட்டும் மாடி வீட்டுப் பல் டாக்டருக்கு. ஒருவர் ஆடும்போது மற்றவர் அந்த அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பறக்கும் பகுதிக்குக் கலங்கள் வேண்டுமே என்று அவரே பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். ஒல்லியான, அடக்கமான கலங்கள்.

“ஏன் மாமா, நான் கட்டிட்டே பறந்தா என்ன?” என்று மச்சினன் கேட்டான். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன். எதையும் பின்பக்கம் கழற்றிப் பார்க்காமல் இருக்க அவனால் முடியாது.

“மாப்ள, முழுசா தெரிஞ்சவன்தான் முழுசா தூக்குவான்.”

“நான் எதைத் தூக்கினேன்?”

“இன்னும் இல்லை. அதான் சொல்றேன்.”

மனைவி தன் பங்குத் துண்டுகளை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டியை எடை போட்டு, கூடுதலாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கவுண்டர். கத்துகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். வீட்டிலும் அதே சலனமில்லாத முகம்தான். ஒரு கணவனுக்குச் சந்தேகப்பட அதைவிட வேறென்ன வேண்டும்?

விளையாட்டுச் சாமான்கள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் முதலாளியம்மா பார்க்கச் சம்மதித்ததும் ஆய்வாளருக்குத் தூக்கம் போனது. ஆசை என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். இத்தனை வருடமாக அவர் வருகிறார் என்றால் ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். ஒரு தடவையாவது, இவர் வந்திருக்கிறார் என்று கேட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அதற்குப் ‘பேரண்டப் பெரும்பயணம்’ கடைகளில் அடுக்கப்பட வேண்டும். அதுவரை அது யார் கையிலும் சிக்கக் கூடாது.

தினமும் வேலைக்குக் கிளம்பும்போது தளபதி வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அது இல்லாமல் யாரும் கொட்டகையை விட்டு நகர முடியாது என்பது அவரே எழுதிய விதி. பெட்டியை அலமாரியில் வைத்து, கைப்பிடிகளைக் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டினார். பூட்டு என்றால் சாவி செய்துவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் பல் டாக்டர் எதிரே வந்தார். ஓய்வு பெற்றும் பழக்கம் போகாத மனிதர்; யார் பேசினாலும் வாய்க்குள்ளேயே பார்ப்பார்.

“சார், கீழ்ப்பக்கம் கடைவாயில ஒண்ணு கறுத்திருக்கு, வந்து காட்டுங்க. அப்புறம், உங்க வீட்டம்மா கட்டுற கப்பல் இருக்கே, அப்பப்பா! பந்தல் மாதிரி என்ன அகலம்!”

சொல்லிவிட்டு டாக்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பல் வலி வந்தவரைப் போல மேலே ஓடினார்.

ஆய்வாளர் படியிலேயே நின்றார். விண்கல் சீட்டு மட்டும் தெரிந்த ஆளுக்குக் கப்பலின் அகலம் எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் போய் அலமாரியைப் பார்த்தார். நூல் அறுபடவில்லை. நிம்மதியாக மூச்சு விடப் போனவர் குனிந்தார். அவர் போட்டது சாதாரண முடிச்சு. இது பூ மாதிரி, இரண்டு காதும் ஒரே அளவில், பரிசுப் பெட்டிக்குக் கட்டியது போல அழகாக இருந்தது.

“யாராவது இதைத் திறந்தீங்களா?”

“எதை?” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“அலமாரியை.”

“நூல் கட்டியிருக்கே. எப்படித் திறக்கிறது?”

பதில் சரியாக இருந்தது. சரியாக இருக்கும் பதில்களைப் பற்றி அவர் அலுவலகத்தில் தனியாக ஒரு வகுப்பே எடுத்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்து சோதித்தார். துண்டுகள் எல்லாம் இருந்தன. கிரகத்தின் மேல் மட்டும் வட்டமாகத் தேநீர்க் கறை. ‘கிரகத்துக்கு வளையம் வந்தாச்சு மாமா, நல்லாத்தான் இருக்கு’ என்று மச்சினன் சொல்வது காதில் விழுவது போல இருந்தது. ஆனால் கறையை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. வாக்குமூலம் வேண்டும். அன்றிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் சம்பந்தமில்லாமல், “வாசல் எவ்வளவு அகலம்?” என்று திடீரெனக் கேட்பார். “எந்த வாசல்?” என்பாள் மனைவி. ஒருத்தரும் மாட்டவில்லை.

கம்பெனிக்குப் போகும் நாள் வந்தது. கம்பெனி ஆட்கள் கையில் துண்டுகள் படக் கூடாது என்பதால், ஆடிக் காட்ட இந்த மூவரையுமே அழைத்துப் போக வேண்டியதாயிற்று. தெரிந்த திருடர்கள் தேவலை.

கூட்ட அறையில் முதலாளியம்மாவும், விற்பனையைக் கவனிக்கும் ஒரு மீசைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளர் உள்ளே நுழைந்ததும் திரையை இழுத்துவிட்டார். செல்போன்களை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார். மீசைக்காரரின் பேனாவைக் கையில் வாங்கி, மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“பேனாதான் சார்,” என்றார் மீசைக்காரர்.

“இப்போதைக்கு,” என்றார் ஆய்வாளர்.

பிறகு முன்னுரை தொடங்கியது. மனித குலம் வானத்தை அண்ணாந்து பார்த்த முதல் கணத்திலிருந்து ஆரம்பித்தார். நெருப்பு, சக்கரம் எல்லாம் வந்து போயின. சந்திரன் வரை வந்தபோது முதலாளியம்மா, “ஆடிக் காட்டுங்களேன்,” என்றார்.

மூவரும் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். மச்சினன் கை பறந்தது. பறக்க மட்டுமே கற்றவன் எப்படி இவ்வளவு வேகமாகக் கட்டுகிறான் என்று ஆய்வாளர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். மேஜையில் மூன்று கலங்கள் விரிந்தன. மனைவியின் கலம் உண்மையிலேயே பந்தல் மாதிரி இருந்தது. மீசைக்காரர் முன்னால் சாய்ந்தார். ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து தளபதி வில்லையை எடுத்து, மூக்கு எல்லாருக்கும் தெரியும்படி மேஜையில் வைத்தார்.

“கிளம்பலாம்!”

மனைவி கலத்தைக் கொட்டகை வாசலுக்குத் தள்ளினாள். கலம் நின்றது.

வாசல் இரண்டு கட்டம் அகலம். கலம் ஆறு கட்டம். மச்சினன் கலமும் டாக்டர் கலமும் அதே கதி.

ஆய்வாளர் கட்டங்களை இன்னொரு தடவை எண்ணினார். கட்டினவர் பறந்ததில்லை, பறந்தவர் கட்டினதில்லை. பறந்ததெல்லாம் அவர் ஒட்டிக் கொடுத்த ஒல்லிக் கலங்கள். அகலமாகக் கட்டு என்று அவரே விதி எழுதி, வெளியே போக முடியாதபடி வாசலையும் அவரே வைத்திருக்கிறார். இதை முழுசாக ஒருவரும் ஆடிப் பார்த்ததே இல்லை. ஆடவிடாமல் காவல் காத்ததில் அவரும் ஆடவில்லை.

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கதவு சாத்தப்படும் ஓசை ஆய்வாளருக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். மூன்று பேரில் ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை.

“சரி, கழட்டுவோம்,” என்றாள் மனைவி. “வழக்கமா நாங்க எப்படி...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வழக்கமாவா?” என்றார் ஆய்வாளர்.

டாக்டர் கூரையைப் பார்த்தார். மச்சினன் எஞ்சினைப் பார்த்தான்.

“வழக்கமாவா?”

“சார், ஒரு நிமிஷம்,” என்று அவரை நிறுத்திய முதலாளியம்மா, மனைவியிடம் திரும்பினார். “கழட்டினா?”

“எங்க கவுண்டர்ல தினமும் நடக்கிறதுதாங்க. பெட்டி கனமா இருந்தா அங்கேயே தரையில உக்காந்து பிரிப்பாங்க. எதை விட்டுட்டுப் போறது, எதைத் தூக்கிட்டுப் போறதுன்னு புருஷன் பொண்டாட்டிக்குள்ள அடிதடியே நடக்கும். அதே மாதிரி, வாசலுக்குத் தக்கபடி கலத்தைப் பிரிக்கணும். கழட்டினதை அங்கேயே போட்டுட்டுப் போகணும். பின்னால வர்றவங்க அதை எடுத்துக்கலாம்.”

“அப்போ கடைசியா கிளம்புறவங்களுக்கு லாபமா?”

“லாபம்தான். ஆனா முதல்ல போறவங்களுக்குச் சின்னக் கல்லு, கடைசியில வர்றவங்களுக்குப் பெரிய கல்லு,” என்றார் டாக்டர் உற்சாகமாக. “அது நான் சேர்த்தது.”

“நீங்க சேர்த்ததா?” என்றார் ஆய்வாளர்.

அவரை யாரும் கவனிக்கவில்லை. மனைவி எரிபொருள் தொட்டியைப் பிரிக்க, டாக்டர் அதன் மேல் பாய்ந்தார். “டாக்டரே, கையை எடுங்க, இன்னும் நான் வாசலைத் தாண்டலை!” “அக்கா, அந்தக் கவசத்தை விட்டுட்டுப் போ, உனக்கு எதுக்கு?” “உனக்குக் குடுக்கிறதுக்குப் பதிலா நான் அதை உடைச்சே போடுவேன்டா!” மீசைக்காரர் எழுந்து நின்று, யார் பக்கம் என்று தெரியாமல் கத்தினார். முதலாளியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஆய்வாளர் மட்டும் நடுவில் நின்றார். தோற்றுப்போய்விட்டோமோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமான ஒரு பூரிப்பு. அவர் சந்தேகப்பட்டது சரி! முதுகுக்குப் பின்னால் ஆடியிருக்கிறார்கள்! இத்தனை வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கு அமைந்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் முதலாளியம்மா சொன்னார்: “பெட்டியை இங்க விட்டுட்டுப் போங்க. எங்க ஆளுங்க ஆடிப் பாக்கணும். அப்புறம்தான் முடிவு.”

ஆய்வாளரின் கை பெட்டி மேல் போய் ஒட்டிக்கொண்டது. “விட்டுட்டா?”

“விடாம எப்படிங்க ஆடுறது?”

மனைவி அவர் காதருகே, “என்னங்க, வாசல்ல நின்னாச்சு. எதையாவது விட்டாத்தான் வெளிய போக முடியும்,” என்றாள்.

அவர் கையை எடுத்தார். எடுக்கும்போதே தளபதி வில்லையை யாருக்கும் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டியில் துண்டுகளை அடுக்கி மூடியதெல்லாம் மனைவிதான்.

லிஃப்ட்டில் இறங்கும்போது விசாரணை தொடங்கியது.

“எத்தனை நாளா நடக்குது?”

“நீங்க வேலைக்குப் போற நாளெல்லாம்,” என்றான் மச்சினன்.

“வில்லை என் பையில இருந்தது. அது இல்லாம யாரும் கிளம்ப முடியாது. அது விதி. எப்படிக் கிளம்பினீங்க?”

“எதையோ வச்சுக் கிளம்பினோம்,” என்றாள் மனைவி.

“ஏன் சொல்லலை, வாசல் பத்தாதுன்னு?”

“சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பீங்களே.”

அவர் அவளுடைய முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு லிஃப்ட்டின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வில்லை பையில் இருந்ததால் அடுத்து வந்த நாட்களில் அவருக்குத் தைரியமாக இருந்தது. கம்பெனியில் எத்தனை பேர் கூடினாலும் கொட்டகையை விட்டு நகர முடியாது. வில்லை எங்கே என்று கேட்டு அழைத்தே ஆக வேண்டும்.

அழைப்பு வந்தது. முதலாளியம்மாதான்.

“எடுத்துக்கிறோம் சார். எங்க ஆளுங்க சாப்பாட்டு நேரத்துலகூட எந்திரிக்கலை. பேரை மட்டும் சின்னதாக்கணும். அப்புறம் ஒரு விஷயம், அந்தப் பொத்தான்.”

“எந்தப் பொத்தான்?”

“முதல்ல யார் கிளம்புறதுன்னு வச்சிருக்கீங்களே, பெரிய பச்சைப் பொத்தான். அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. அதை அப்படியே வச்சுக்கலாமா?”

“பித்தளை வில்லை ஒண்ணு இருந்தது. முகம் போட்டது. நீங்களே பாத்தீங்க.”

“அப்படியா? பொத்தான்தான் சார் ஞாபகம் இருக்கு.”

அவர் போனை வைத்தார். திரும்பிப் பார்த்தார். கதவருகே கொக்கியில் மனைவியின் பச்சைக் கோட்டு தொங்கியது. நடுவில் ஒரு பொத்தான் இருந்த இடத்தில் பச்சை நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் எவ்வளவோ வீடுகளில் எவ்வளவோ தடயங்களைக் கண்டுபிடித்தவர். தன் வீட்டில், தன் கண்ணுக்கு நேரே தொங்கியது தெரியாமல் இத்தனை நாளும் செருப்போடு கடந்து போயிருக்கிறார்.

“எடுத்துக்கிட்டாங்களாம்,” என்றார், கோட்டைப் பார்த்தபடியே.

சமையலறையில் கைதட்டல் கேட்டது. மூவரும் அங்கேதான் இருந்தார்கள். மேஜையில், செருப்புப் பெட்டி அட்டையில் வெட்டிய இன்னொரு முழு ஆட்டம் விரிந்து கிடந்தது. ஆய்வாளர் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தார். அது எப்போது வெட்டப்பட்டது, யார் வெட்டியது, கத்தரிக்கோல் யாருடையது என்று கேள்விகள் வரிசையாக எழுந்தன. மச்சினன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காருங்க மாமா. நீங்க ஒரு தடவைகூட ஆடினதில்லையே.”

உட்கார்ந்தார். துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கியதை யாரும் பார்க்காதபடி இடது கையை வளைத்துச் சுவர் கட்டிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்து நடுவில் வைத்தார். மனைவி அதை மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டு, எழுந்து போய்க் கோட்டிலிருந்து இன்னொரு பொத்தானை அறுத்து வந்து அந்த இடத்தில் வைத்தாள்.

ஆய்வாளர் பொத்தானைக் கையில் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். ஓட்டைகள் வழியாக டாக்டரைப் பார்த்தார்.

“சரி,” என்றார். “ஆனா முதல்ல நான்.”