வண்ணவாரியாக இருபத்தேழு குடங்கள்

கொடிக்கால் சந்தில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எழுதி வைத்த எந்தச் சட்டத்துக்கும் அந்தச் சந்து இவ்வளவு பயந்ததில்லை.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு நேர் கீழே, சைக்கிள் ஒன்று வந்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து அது. வீடு இருபத்தேழு, குழாய் ஒன்று. ஒன்பது நாளைக்கு ஒருதரம் காலை எட்டு மணிவாக்கில் தண்ணீர் வரும். வீட்டுக்கு ஆறு குடம். பத்தாவது வீடு பிடித்து முடிக்கும்போது குழாய் நாலு இருமல் இருமும், அப்புறம் காற்றுதான். ஆகவே முதல்நாள் சாயங்காலமே வீட்டுக்கொரு குடத்தை வரிசையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். விடிந்ததிலிருந்து ஒரு ஆள் முறைவைத்துக் காவல். காவலுக்கு இருப்பவன் எந்தக் குடத்தையும் தொடக் கூடாது.

அன்றைக்குக் காவல் மொக்கைச்சாமி. அறுபத்தாறு வயது. வாழைக்காய் மண்டியில் நாற்பது வருசம் தார் சுமந்து ஓய்ந்தவர். யாரையும் நம்ப மாட்டார். பால்காரனை நம்பாமல் பாலை முகர்ந்து பார்ப்பார், பஸ் கண்டக்டரை நம்பாமல் டிக்கெட்டில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார். கேன் தண்ணீரைத் தொடவே மாட்டார். "எந்தச் சாக்கடையில பிடிச்சு மூடி போட்டானோ" என்பார்.

அவருடைய சிவப்புக் குடம் பதினாலாவதாக நின்றது. கழுத்தில் அடையாளத்துக்குப் பழைய வேட்டிக் கரையைக் கட்டியிருந்தார். பதினாலாவது என்றால் காற்றுதான் கிடைக்கும். ஆனால் அவருக்கு அன்றைக்குக் காற்று போதாது. மறுநாள் அவருடைய கடைசி மகள் பவித்ராவைப் பெண் பார்க்க நெய்க்காரப்பட்டியிலிருந்து இருபது பேர் வேன் பிடித்து வருகிறார்கள்.

குடம் பிந்தியதற்குக் காரணமும் அவர்கள்தான். முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் தாயார் போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. திண்டுக்கல்லுல தண்ணிக்குக் கஷ்டம்னு சொல்றாங்களே, மெய்யாங்களா? மொதப் பிரசவம் பொண்ணு வீட்லதானுங்க பாக்கணும். பச்சப்புள்ளைக்குத் தலைக்கு ஊத்தவாச்சும் தண்ணி வேணுமுங்கல்ல?"

"என்ன தாயி இப்பிடிக் கேட்டுப்புட்டீக? எங்க சந்துல தண்ணி ஆறா ஓடுது" என்றார் மொக்கைச்சாமி. அந்த ஆற்றைப் பற்றி அவர் கால்மணி நேரம் பேசி முடித்து வெளியே வருவதற்குள் பதின்மூன்று குடங்கள் வரிசையில் ஏறிவிட்டன.

டிராக்டர் தண்ணீருக்குச் சொன்னால் மூன்று நாள் ஆகும். மனைவி சுந்தரம்மாள் இரவெல்லாம் புலம்பினாள். "வாரவுகளுக்குக் கால் கழுவ என்னத்த ஊத்த? நீங்க ஓடவிட்ட ஆத்தையா?"

காலை ஆறு மணிக்குச் சந்துக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருத்தன் விக்னேஷ்குமார். நத்தம் ரோட்டுப் பக்கம் மாடி வீட்டுப் பையன். பழைய சந்துகளில் படம் எடுக்கத் தோதான இடங்களைக் கண்டுபிடித்து செல்போனில் போடுவதுதான் அவன் பிழைப்பு. கூட வந்தவள் தீபா, கோயம்புத்தூரிலிருந்து கழுத்தில் பெரிய கேமராவோடு வந்திருந்தாள்.

மொக்கைச்சாமிக்கு உடனே சந்தேகம் வந்தது. ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தவர்களாக்கும் என்று நினைத்தார்.

"ஏலே, எந்த ஆபீஸு நீங்க?"

"ஆபீஸ் இல்ல தாத்தா. சும்மா அழகைத் தேடி வந்திருக்கோம்."

"இங்கனயா? வழி மாறி வந்துட்டியப்பு."

அவர்கள் தேடிய அழகைக் கண்டதும் மொக்கைச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கடை மூடி உடைந்து கிடந்ததைக் குனிந்து எடுத்தார்கள். கரண்டு வயர் கொத்தாகத் தொங்கியதை அண்ணாந்து எடுத்தார்கள். போஸ்டர் தின்றுகொண்டிருந்த ஆட்டை நாலு பக்கமும் சுற்றி எடுத்தார்கள். கடைசியில் மொக்கைச்சாமி வீட்டுச் சுவருக்கு முன்னால் வந்ததும் தீபா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். நீலச் சுண்ணாம்பு பொரிந்து, உள்ளே பச்சை தெரிந்து, அதற்கும் உள்ளே செங்கல் பல்லிளிக்கிற சுவர் அது.

"என்ன டெக்ஸ்சர்! தயவுசெஞ்சு இதுக்கு வெள்ளையடிச்சுடாதீங்க தாத்தா."

மூன்று பொங்கலாக வெள்ளையடிக்கச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் வீட்டுக்குள் திரும்பிக் கத்தினார். "சுந்தரம்மா, கேட்டுக்க! கோயம்புத்தூர்லருந்து ஆள் வந்து சொல்லுது!"

"அந்தப் புள்ளைய நம்ம வீட்ல ஒருநாள் மழைக்குப் படுத்து எந்திரிக்கச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சுவரை எடுத்துக்கொண்டு அவர்கள் அடுத்த சந்துக்குப் போனார்கள். பெண்டுகள் காப்பி போட உள்ளே போயிருந்தார்கள். சந்தில் ஆட்டைத் தவிர ஆளில்லை. மொக்கைச்சாமி இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். துண்டு தோளுக்கு வந்து சேர்வதற்குள் சிவப்புக் குடம் பதினாலிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. மண்டியில் தார் மாற்றி வைத்துப் பழகிய கை.

ஏழரை மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். தீபா மறுபடி இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "செவுரு அருமையா இருக்கு. ஆனா குடமெல்லாம் கலர் கலரா முன்னபின்ன நின்னு கெடுக்குது." பிறகு அவள் பார்வை மொக்கைச்சாமி மேல் விழுந்தது. "தாத்தா, உங்க மூஞ்சி எவ்வளவு அழகு தெரியுமா? அப்படியே கோட்டையைச் செதுக்குன மாதிரி."

அவரை அதுவரை எடுத்த ஒரே படம் ஆதார் அட்டையில் இருந்தது. அதில் அவர் போஸ்ட்மார்ட்டத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார். பாலை முகர்ந்து பார்க்கிற மனிதர் இந்தப் பேச்சை மட்டும் முகர்ந்து பார்க்காமல் குடித்துவிட்டார்.

"அந்த முக்குல பழைய கதவு ஒண்ணு இருக்கு. அங்க வாங்க, நாலே படம்."

"குடத்துக்குக் காவல்ல இருக்கேன் தாயி."

"நான் பாத்துக்கிறேன் தாத்தா" என்றான் விக்னேஷ்குமார். வெள்ளந்தியாகத்தான் சொன்னான்.

முக்கில் கதவோரம் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொன்னாள். துண்டைத் தலையில் கட்டச் சொன்னாள். "எங்கயோ தூரமா பாத்து, வாழ்க்கையை யோசிங்க" என்றாள். மொக்கைச்சாமி எதையும் தூரமாகப் பார்த்து யோசித்தவரில்லை. முகத்தைச் சுளித்துப் பார்த்தார், மூச்சைப் பிடித்துப் பார்த்தார். "யோசனை வரலையே, மலச்சிக்கல் மாதிரி இருக்கே" என்று அவள் சிரிக்க, இவரும் சிரிக்க, அரைமணி நேரம் ஓடிவிட்டது.

விக்னேஷ்குமார் பிறந்ததிலிருந்து லாரித் தண்ணீரில் குளித்தவன். குடம் என்றால் அவனுக்குப் பிளாஸ்டிக், அவ்வளவுதான். தீபாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று இருபத்தேழு குடத்தையும் வானவில் மாதிரி அடுக்கிவிட்டான். கத்திரிப்பூ நிறத்தில் தொடங்கி நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய் சிவப்பில் முடித்தான். சந்திலேயே நல்ல சிவப்பு மொக்கைச்சாமியின் குடம். அது கடைக்கோடியில் போய் நின்றது.

அதைத் தன் செல்போனில் அவன் படம் எடுத்து முடித்த நேரத்தில் குழாய் உஸ்ஸென்றது.

இருபத்தேழு கதவும் ஒரேயடியாகத் திறந்தன. ஒரு நொடி எல்லோரும் வானவில்லைப் பார்த்தார்கள். அப்புறம் வாய் திறந்தார்கள்.

"எவன்டா எங்குடத்தத் தொட்டது?"

"நாந்தான் மொதல்ல!"

"நீ மொதல்லயா? நீ குடம் வைக்கும்போது நான் வச்சுட்டுப் போய்ச் சோறே வடிச்சுட்டேன்!"

தங்கள் இடம் எல்லோருக்கும் ஞாபகமிருந்தது. எல்லோருடைய ஞாபகத்திலும் பத்துக்குள்தான் இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டி ஓட, அதை மிதித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஓடிவந்த மொக்கைச்சாமி சட்டையில்லாமல், தலையில் துண்டோடு நடுவில் நின்று, "நான் மூணாவது! நான் மூணாவது!" என்று கூவினார்.

விக்னேஷ்குமாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அக்கா, அக்கா! அடிச்சுக்காதீங்க. நான் அடுக்குறதுக்கு முந்தி எடுத்த படம் கேமராவுல இருக்கு. அதப் பாத்து வச்சிரலாம்."

"காட்டு, காட்டு!" என்று முதலில் குதித்தவர் மொக்கைச்சாமிதான். பின்னாலேயே ஓடிவந்த தீபா கேமராவைத் திருப்பிக் காட்ட, ஏழரை மணிப் படம் வந்தது. மூன்றாவது இடத்தில் சிவப்புக் குடம், வேட்டிக் கரையோடு. "பாத்துக்கங்கடி! மிசினு பொய் சொல்லாதுல்ல?"

செபாஸ்தியம்மாள் கேமராவுக்குள் மூக்கை விட்டாள். எதிர்வீட்டுக்காரி. அவளுடைய நீலக் குடத்தில் நகப்பாலிசில் சிலுவை போட்டிருக்கும். "நேத்து நான் மூணாவதா வச்சேன். இதுல நாலாவதா நிக்கேன். பாப்பா, இன்னும் பின்னாடி தள்ளு."

தீபா தள்ளினாள். ஆறு மணிப் படம் வந்தது. சுவரைத்தான் எடுக்கிறார்கள் என்று மொக்கைச்சாமி நினைத்திருந்த படம். சுவருக்குக் கீழே குடங்கள் வரிசையாக நின்றன. மூன்றாவதாகச் சிலுவை. செபாஸ்தியம்மாள் விரல் வைத்து எண்ணினாள். வேட்டிக் கரை பதினாலில் இருந்தது.

சந்து மொத்தமும் மொக்கைச்சாமி பக்கம் திரும்பியது. குழாய் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மொக்கச்சாமியண்ணே" என்றாள் செபாஸ்தியம்மாள். "மிசினு பொய் சொல்லாதுல்ல?"

தீர்ப்புச் சொல்ல அதிக நேரமாகவில்லை. சிவப்புக் குடம் நின்ற இடத்திலேயே, இருபத்தேழாவதாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சண்டையில் வீணானது போக எட்டாவது வீட்டோடு குழாய் இருமிவிட்டது.

படம் மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. நீலம் பொரிந்த சுவர், அதன்கீழ் வானவில்லாக இருபத்தேழு குடங்கள். அடுத்த படத்தில் சட்டையில்லாத மொக்கைச்சாமி பொக்கை வாயால் சிரித்தார். சாயங்காலம் நெய்க்காரப்பட்டி போன் வந்தது.

"ஏனுங்க, பையன் செல்போன்ல ஒரு படம் காட்டுனானுங்க. உங்க சந்துங்களா அது? இத்தன குடம் நிக்குதுங்களே?"

மொக்கைச்சாமி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். பிறகு, "அது படம் எடுக்கிறதுக்காக அந்தப் பையன் அடுக்கி வச்சது தாயி" என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே நிசம் அதுதான். பொய்யை விட நன்றாக வேலை செய்தது.

"அதானே பாத்தனுங்க. அழகா இருக்குதுங்க. நாளைக்கு வாரப்ப எடுத்துறாதீங்க, நாங்களும் நின்னு ஒரு படம் புடிச்சுக்கிறமுங்க."

குடங்களை எடுக்கிற யோசனை சந்தில் யாருக்கும் இல்லை. மயிரைப் பிடித்துச் சண்டை போட்டவர்களே, படத்தைச் செல்போனில் பார்த்த பிறகு காலிக் குடங்களைக் கழுவித் துடைத்து மறுபடி வானவில்லாக அடுக்கி வைத்திருந்தார்கள். செபாஸ்தியம்மாள் தன் நீலத்துக்குப் பக்கத்தில் இன்னும் வெளிர்நீலமாக ஒன்று வாங்கி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்தான் இல்லை. "ரெண்டு கேன் வாங்கியாந்துருங்க, காப்பிக்காச்சும் ஆகும்" என்று சுந்தரம்மாள் கெஞ்சினாள். மொக்கைச்சாமி கேட்கவில்லை. விடியற்காலை சைக்கிளில் குடம் கட்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அடிபம்பில் எட்டு நடை அடித்துக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார். "கண்ணுக்கு முன்னால பூமியிலருந்து வருது. இத நம்பலாம்" என்றார்.

இருபது பேரும் வந்தார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் குடத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் ஒரு பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "வெறுங்குடமா இருக்குதுங்களே?"

"தண்ணி புடிச்ச குடத்த யாரு தாயி வாசல்ல வைப்பா?" என்று செபாஸ்தியம்மாள் முந்திக்கொண்டாள். சொல்லிவிட்டு மொக்கைச்சாமியைப் பார்த்த பார்வையில், அடுத்த நாலு முறைக் காவலும் அவர் தலையில்தான் என்பது எழுதியிருந்தது.

பெண் பிடித்துவிட்டது. பவித்ரா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாயார் ஒரு வாய் குடித்தாள். நாக்கை மெதுவாக உள்ளேயே சுழற்றினாள். டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். பால் பொடிப்பொடியாகத் திரிந்து மிதந்தது. அடிபம்பு உப்புத் தண்ணீரில் போட்ட அந்தக் காப்பியைக் கடைசிவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேன் ஏறும்போது மொக்கைச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க, அடுத்த மாசமே நாள் குறிச்சுரலாமுங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்க. மொதப் பிரசவத்த நாங்களே பாத்துக்கிறமுங்க."

"அதெப்பிடி தாயி, எங்க மொறை..."

"இருக்கட்டுமுங்க. எங்கூர்ல தண்ணி ஆறா ஓடுதுங்க."

வேன் போய்விட்டது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் பெற்ற மகளைப் பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைக்க முடியாத தகப்பன் என்ற பெயரும் சேர்ந்தே நிச்சயமாகிவிட்டது. மொக்கைச்சாமி தெருமுனையைப் பார்த்தபடி, பொரிந்த சுவரில் சாய்ந்து நின்றார்.

முக்கில் கலகலவென்று பேச்சு கேட்டது. விக்னேஷ்குமார் இன்றைக்குப் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தான். எல்லோர் கழுத்திலும் கேமரா தொங்கியது. தீபா இவரைப் பார்த்ததும் சட்டென்று கையைத் தூக்கி மற்றவர்களை நிறுத்தினாள்.

"தாத்தா, அசையாதீங்க! நேத்து எவ்வளவு கேட்டும் வராத யோசனை இன்னிக்குத் தானா வந்துருச்சு. அப்படியே இருங்க, அப்படியே!"

மொக்கைச்சாமி அப்படியே இருந்தார். வேறு எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.