காந்தம் ஒட்டாத இடம்

என் மஃப்தா காந்தம் அந்தக் காரில் ஒட்டவில்லை. அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிய வந்தது.

குற்றாலம் ரோட்டில் என் கணவர் ஹுஸைஃபா டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். அன்று மதியம் அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். சாரல் காற்றில் தலையில் சுற்றியிருந்த மஃப்தா கலைந்துவிட்டது. சரிசெய்ய இரண்டு கையும் வேண்டும் என்பதால், துணியைப் பிடித்திருக்கும் சின்னக் காந்தத்தைக் கழற்றி, பக்கத்தில் நின்ற காரின் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன். வீட்டில் இரும்பு பீரோவில் ஒட்டிவைக்கிற பழக்கம். அது தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. ஒரு சாண் மேலே வைத்ததும் டக்கென்று பிடித்துக்கொண்டது. கதவுக்கு அடியில் வைத்தால் ஒட்டவில்லை.

கல்யாணமாகி ஏழு மாதம். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை என்பது டிங்கர் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பட்டி" என்றார். பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பசை.

"பட்டிக்குப் பின்னாடி?"

"பேப்பர்."

"என்ன பேப்பர்?"

"நேத்துப் பேப்பர்தான். ராசிபலன் பாக்கணும்னா பிரிச்சுத்தாரேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார் என் காக்கா, அதாவது அண்ணன், முகம்மது சலீமுடையது. காக்கா ஷார்ஜாவில் இருந்த வருஷமெல்லாம் அது செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வெளியே மழையில் நின்று துருப்பிடித்தது. லீவில் வந்தவர், சனிக்கிழமை விமானம் ஏறுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று போன வாரம் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்.

"வண்டித் தரையில?" என்று கேட்டேன்.

"வலை வச்சு, மேல தார் அடிச்சிருக்கேன்."

"தகடு வைக்கல?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

இந்தப் பட்டறையில் துருப்பிடித்த ஓட்டையை அடைக்க ஒரே வழிதான் உண்டு. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அந்த அளவுக்குத் தகடு வெட்டி வெல்டிங் வைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, ஓரமெல்லாம் தண்ணீர் இறங்காமல் சீலர் பூச வேண்டும். பட்டி கடைசியில், மேடு பள்ளம் தெரியாமல் இருக்க, மெல்லிசாக. தை மாதம் ஒரு லாட்ஜ்காரர் "சும்மா பூசிக் குடுப்பா" என்று கேட்டபோது, வேறு பட்டறை பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியவர் இவர். அன்று ராத்திரி இவருக்குப் பிடித்த இறால் வறுத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

"லாட்ஜ்காரருக்கு ஒரு நியாயம், எங்க காக்காவுக்கு ஒரு நியாயமா?"

"தகடு வச்சா அஞ்சு நாளாவும்னு சொன்னேன். மச்சானுக்கு நேரமில்ல. கல்யாணமான பொறவு மொதமொதலா ஒண்ணு கேக்காரு. மாப்பிள்ளை முடியாதுன்னா அங்கன உன்னையத்தான பேசுவாங்க?" கையைக் கழுவிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உனக்காகத்தான் செஞ்சேன் அஃப்ரின்" என்றார்.

அதுதான் என்னை எரித்தது. என் வீட்டு ஆண்களிடம் முகம் முறிக்கப் பயந்தவர், அந்தப் பயத்துக்கு என்னைக் காரணம் சொல்கிறார்.

"எனக்காகச் செய்யணும்னா ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போங்க. மூணு மாசமாச் சொல்லுதீங்க. ஓட்டையில என் பேரை வச்சு அடைக்காதீங்க. வாங்குறது யாரு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெருமாள் அண்ணாச்சி."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் வேனில்தான் மூன்று வருஷம் செங்கோட்டையிலிருந்து காலேஜுக்குப் போய்வந்தேன். ஒரு பிள்ளை வர லேட்டானாலும் அவள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்காமல் வண்டியை எடுக்க மாட்டார். இப்போது அச்சன்புதூரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறார். பழைய வேன் படுத்துவிட்டது, அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கார்.

"எப்ப வருதாரு?"

"நாலு மணிக்கு."

"அப்ப நான் வீட்டுக்குப் போகல."

சொன்ன நேரத்துக்கு காக்காவும் அண்ணாச்சியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். காக்கா என்னைக் கண்டதும், "என்னட்டி, இங்கன நிக்கே? உம்மா உன்னைய வரச்சொன்னாங்க, போ" என்றார்.

"நல்லாருக்கியா பாப்பா?" என்றார் அண்ணாச்சி. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெயிண்ட் பளபளத்தது. ஒரு இடத்திலும் குனியவில்லை.

"அடியில பாக்கலியா அண்ணாச்சி?" என்றேன்.

"அடியில என்னத்தப் பாக்க? வேற எங்கன வண்டி எடுத்தாலும் மாப்ளைட்டதான் காட்டியிருப்பேன். அவரே செஞ்சு குடுக்கும்போது நான் படுத்து எந்திரிக்கணுமாக்கும்?"

ஹுஸைஃபா சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை பிள்ளைக?" என்று கேட்டேன்.

"ஆய்க்குடி வழியா எட்டு. அதுல ரெண்டு எல்கேஜி. உக்காருன்னா உக்காராது. பின்சீட்டுக்கு முன்னால நின்னு குதிச்சிட்டுத்தான் வரும்."

இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக நிக்கிற இடத்துல தரை இல்ல. வலையும் தாரும்தான் இருக்கு. சைலன்சர் புகை உள்ளதான் வரும். பக்கமெல்லாம் பேப்பரும் பட்டியும்."

"ஏட்டி" என்றார் காக்கா. அவர் முகம் கறுத்தது. "கொழுப்பா உனக்கு? ஊருல எல்லாவனும் இப்பிடித்தான் விக்கான். ஒரு மழை தாங்கும்."

"இங்கன ஒரு மழை எத்தனை மாசம் காக்கா?"

"நான் உன் கூடப்பிறந்தவன்ட்டி."

"அதனாலதான் உங்க முன்னாடியே சொல்லுதேன். நீங்க ஏறிப் போனபொறவு, உங்களுக்குப் பின்னால சொல்லல."

அண்ணாச்சி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஹுஸைஃபாவைப் பார்த்தார். "நீங்க சொல்லலியே தம்பி" என்றார். மாப்ளை தம்பியாகிவிட்டார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சொல்லல அண்ணாச்சி. தப்பு எம்மேலதான்."

அப்படிச் சொன்னதோடு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பின்கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கி, தரையில் குத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. அப்படியே கிழித்துக்கொண்டு போனார். சக்கரத்துக்கு மேலே சுத்தியலால் ஒரு தட்டு. பட்டி பாளமாக விழுந்து, பின்னாலேயே கசங்கிய பேப்பர் வந்தது. இரண்டு விரல் நுழையும் ஓட்டை என்று நினைத்திருந்தேன். என் கை முழுதும் போகும்.

காக்கா சாவியை பெஞ்சில் எறிந்தார். "உங்க வீட்டு வாசலை மிதிச்சா என்னன்னு கேளு" என்று பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் செங்கோட்டை போய்ச் சேர்ந்த கையோடு உம்மா போன்.

"அவன் தலைகுனிஞ்சு நிக்கிற மாதிரி என்னட்டி பேசுனே?"

"பெருமாள் அண்ணாச்சியை நம்பித்தான உம்மா என்னைய அனுப்புனே? அவரு நம்மள நம்பக் கூடாதா?"

உம்மா, "சனிக்கிழமை வழியனுப்பவாவது வா" என்று வைத்துவிட்டார். போனேன். காக்கா என்னோடு பேசாமலே ஏர்போர்ட்டுக்குக் காரேறினார்.

அண்ணாச்சி அன்று கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னார். "வண்டி எனக்கு வேணும். தகடு வச்சுக் குடுங்க. ஆனா பட்டி போடுறதுக்கு முன்னாடி என்னையக் கூப்பிடணும்."

ஹுஸைஃபா வேறு வேலை தொடவில்லை. வெட்ட வெட்டத் துரு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒன்பது ஓட்டை என்றவர் பதினாலு தகடு வைத்தார். வீட்டில் என்னோடு மெதுவாகத்தான் பேசினார். நானும் சோறு போட்டேன், சமாதானம் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலையில் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, வலது பக்கம் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு வெல்டிங்காகப் பார்த்தார். சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். கால் மணி நேரம். அவர் இதுவரை இந்தப் பட்டறையில் குனிந்து பார்த்ததே இல்லை. ஹுஸைஃபா சுவரோரமாக, பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். கண் ஓரத்தில் வெல்டிங் சிவப்பு. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அண்ணாச்சி வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "சரியா இருக்கு. பட்டி போட்டுருங்க."

"இருங்க அண்ணாச்சி" என்றேன். "இடது பக்கம் இன்னும் பாக்கல. அதையும் பாத்துருங்க."

ஹுஸைஃபா சாக்கை இழுத்து இடது பக்கம் விரித்தார்.