ஓடக்காரனைக் கூப்பிடும் சொல்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான அந்தச் சித்திரையில், வரலட்சுமி திருத்தணியில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த புருஷன் தங்கவேலுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டை ஒட்டியிருந்த அக்கா புருஷன் சடகோபனின் எண்ணெய் மில்லில் டெலிபோன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதில் கூப்பிடுவதாகத் தங்கவேல் சொல்லியிருந்தான்.

முதல் தடவையே கூத்தாகிவிட்டது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அவள் வாயே திறக்கவில்லை. அவன் மூன்று தரம் "ஹலோ" என்று கத்திய பிறகுதான், "ஆங், சொல்லுங்க" என்றாள்.

"இன்னாம்மா, ஊமைங்க பேசறதுக்கா போன் வெச்சுகினு கீறேன்?" என்று சடகோபன் சிரித்தார்.

"ஒரு தரம் கூப்ட்டா பதில் சொல்லக் கூடாது பாவா. பேயிங்க மூணு தரம் கூப்பிடாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் ஒருநாள் உச்சிவெயிலில் கிணற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் வர, "தோ வரேன்" என்று சித்தி எழுந்து போனதை அவள் பார்த்திருக்கிறாள். சித்தியைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள்.

மில் கணக்கர் ஜெபதாஸ் மிஷன் பள்ளியில் படித்தவர். அவரிடம் ஒருநாள் கேட்டாள்: "ஹலோன்னா இன்னாங்க அர்த்தம்? பேரா அது?"

"அர்த்தம்லாம் இல்லீங்கம்மா, வெறும் கூப்பாடு. அந்தக் காலத்துல ஆத்துக்கு அந்தாண்ட கீற ஓடக்காரன வெள்ளைக்காரங்க அப்படித்தான் கத்திக் கூப்பிடுவாங்களாம். எங்க வாத்தியார் சொல்வாரு. போன் வந்தப்புறம் அதுவே மரியாதையா ஆயிடுச்சு."

"யாரு கூப்பிடுவாங்க?"

"அக்கரைக்குப் போவ வேண்டியவன்தான்."

அதன்பின் வந்த ஞாயிறு, மணி அடித்தது. இரைச்சலுக்கு நடுவே, தொலைவில், ஒரே ஒரு "ஹலோ." அவன் குரல்தான். தொண்டை கட்டியதுபோல் இருந்தது. பாக்கி இரண்டுக்காக அவள் காத்திருந்தாள். இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள், அவள் ஊருக்கு வந்த பின் தங்கவேலோடு தங்கியிருந்த கூட்டாளி வந்து நின்றான்.

"ரெண்டு நாளா ஜுரம்மா. நேத்து சாயங்காலம் வேலையிலருந்து வந்து பாக்கறேன், உடம்பு சில்லுனு கீது."

"மத்தியானம் எழுந்து போன் பண்ணப் போனாரா?"

"தெரியலீங்களே."

சடகோபன் அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அந்த நேரத்தில் அவன் உயிரோடு இருந்திருந்தால், ஜுரத்தில் தவித்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை கொடுக்காமல் நின்றவள் அவள். உயிர் போன பிறகு கூப்பிட்டிருந்தால், வாய் திறக்காததால் பிழைத்தவள். எது உண்மை என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிழைத்தோம் என்று நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. மில் பூட்டிக் கிடந்தது. வீட்டில் எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். இவள் போகக் கூடாது. காவடிகளின் மேளமும் அரோகராவும் மத்தியான வெயிலில் மலைமேலிருந்து அலையலையாக இறங்கின. மில்லின் உள்ளே மணி அடித்தது.

சாவியை எடுத்துப்போய்க் கதவைத் திறந்தாள். பிண்ணாக்கு வாசனை முகத்தில் அடித்தது. மணி நிற்கவில்லை. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ."

ஒரே தரம். தொண்டை கட்டிய குரல்.

சித்தியின் ஈரக்கூந்தல் நினைவுக்கு வந்தது. இரண்டாவது கூப்பாட்டுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"ஆங்," என்றாள். "இங்கதான் கீறேன். சொல்லுங்க."

இரைச்சல் அடங்கிற்று. அரோகரா கூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள். வரலட்சுமி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நிதானமா சொல்லுங்க," என்றாள். "கேட்டுகினுதான் கீறேன்."