சவரியானின் ஒற்றை ஓட்டம்

நான் அடித்த பந்து கீழே விழவில்லை. அதனால் ஓடிக்கொண்டே இருந்தேன்.

தூத்துக்குடியில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடிய முதல் ஆள் நான். அப்போது கையுறை கிடையாது. வெறுங்கையால் பிடிப்போம். ஆட்டம் முடிந்ததும் என் மனைவி செலஸ்தீனா வீங்கிய விரல்களுக்கு மஞ்சள் பத்துப் போடுவாள்.

பேஸ்பாலில் மூன்று தளங்களைத் தொட்டுவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் ஓர் ஓட்டம். அந்த இடத்துக்கு வீடு என்று பெயர்.

முதல் தளம் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. செலஸ்தீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். அவளுக்கு நிறைமாதம்.

"எப்ப வருவிய?"

"பந்து விழட்டும்."

அவள் மேலே பார்த்தாள். பந்து மாதா கோயில் கோபுரத்துக்கு மேலே நின்றது.

"அது விழுற மாதிரி தெரியலியே." மூச்சு வாங்கியது. நின்றுவிட்டாள்.

இரண்டாம் தளம் கடலுக்குள் இருந்தது. தோணி விட்டுத் தோணி தாவி ஓடினேன். மகள் பிறந்திருப்பதாகவும் ரெஜினா என்று பெயர் வைத்திருப்பதாகவும் தோணிக்காரர்கள் சொன்னார்கள்.

"யாரு மாதிரி இருக்கா?"

"வெரலு ஒங்கள மாதிரி."

கரையேறும்போது என் தலை நரைத்திருந்தது.

மூன்றாம் தளத்தில் எதிரணி இளைஞன் தொம்மை நின்றான். கையில் தோலால் ஏதோ மாட்டியிருந்தான்.

"அது என்ன?"

"கையுறை. எல்லாரும் போடுறதுதான்."

"வலிக்காதா?"

"வலிக்காது." பிறகு தொப்பியைக் கழற்றினான். "ஒங்க வீட்டம்மா தவறிட்டாவ, பெரியவரே. போன மழையில."

"ஆட்டத்த நிறுத்தியிருக்கலாம்லா."

"பந்து மேல இருக்கும்போது எப்பிடி நிறுத்த?"

அது சரிதான். விதி அப்படி. தளத்தைத் தொட்டுவிட்டு ஓடினேன்.

மைதானம் நிறைய ஜனம். வீடு இருந்த இடத்தில் மண் மேடு. அதில் ஒரு சிலுவை. பக்கத்தில் ஒரு பெண் குத்தவைத்திருந்தாள். விரல்களைப் பார்த்தேன். ரெஜினாதான்.

"அம்மா இங்கனதான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா," என்றாள். "இங்கனயே வச்சிட்டோம்."

நடுவர் என் காதருகே குனிந்தார். "மிதிச்சாத்தான் ரன்."

"தெரியும்."

நான் மிதிக்கவில்லை. ஓரமாக நின்றேன். நின்று பழக்கமில்லை. ரெஜினா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

பலகையில் எங்கள் அணிக்குப் பூஜ்யம் போட்டார்கள். கூட்டம் கலைந்தது.

"சாப்ட்டியளா?" என்று ரெஜினா கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன்.

"இல்ல," என்றேன்.