நகம் மாட்டுதா?

தெருவே மகாராசனை ‘நூல்’ என்றுதான் கூப்பிடும். கடைத்தெருவில் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவன் வேலை. ஒரு நூல் பிசகினாலும் முத்திரை விழாது. கடைக்காரர் காலில் விழுந்தாலும் மசியமாட்டான். வேலையில் அந்தக் குணம் நல்லதுதான். அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் வினையாகிப்போனது.

கொஞ்ச நாளாக அவன் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். வேறு யாராவது என்றால் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கவே மாட்டார்கள். இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஓடுதுல்ல, விட்டுத்தொலைண்ணே,” என்று தங்கச்சி சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே? அவளுக்காகத்தான் அந்த வண்டியையே அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் போன் வரலாம், வந்தால் போட்டது போட்டபடி கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில் வெகு தூரத்தில் இருந்தது. ஆற்றுப் பாலத்தில் விரிசல் விழுந்ததிலிருந்து காரும் பஸ்ஸும் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டுதான் போக முடியும். போய்ச் சேர அரை நாளாகிவிடும். பாலத்தின் மேல் இருசக்கர வண்டியை மட்டும்தான் விட்டார்கள். ஆகவே வண்டியில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று, லீவு நாளாகப் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வைத்து எஞ்சினைத் திறந்தான் மகாராசன்.

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிப் பழைய துண்டின் மேல் மல்லாக்க வைத்தான். வைத்த கையோடு போன் அடித்தது.

தங்கச்சி போனைப் பிடித்தபடி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

“கிடைச்சிருக்காம்ணே. பொழுது சாயறதுக்குள்ள அங்க இருக்கணுமாம். இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்.”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். எண்ணெய்க் கை நெற்றியில் அப்படியே பதிந்தது. தெருவுக்கு ஓடினான். அடுத்த வீட்டு ரொட்டிக்காரர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைகளுக்கு ரொட்டி போடப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டு வண்டி ஓடி வெகு நாளாகி, டயரைக் கொடி சுற்றிக்கொண்டிருந்தது. வேறு யாரிடம் கேட்பது? மூச்சு வாங்கத் திரும்பி வந்து கொட்டகையில் உட்கார்ந்தான்.

மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லிவிடலாம். வால்வு இடைவெளியில் அளவுத் தகடு விட்டுப் பார்த்து, மூடியைக் கழற்றும் முன்பே சரிசெய்துவிட்டான், அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை ராக்கரில். வால்வைத் தட்டித் திறக்கிற அந்தச் சின்ன இரும்புக் கை மேல்மூடியோடு சேர்ந்து வந்திருந்தது. கண்ணாடிபோல் இருக்க வேண்டிய அதன் முகத்தில் குறுக்கே ஒரு கோடு. துண்டால் துடைத்தான், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான், கோடு போகவில்லை. வெறும் கறை என்றால் கவலையில்லை. தேய்மானம் என்றால், மேல்தோல் போன இரும்பு ஓட ஓடத் தன்னைத் தானே தின்னும். அக்கரையில் ஆளரவமில்லாத ரோட்டில் வண்டி நின்றுபோனால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

எந்தப் பட்டறையில் கேட்டாலும் இதற்கு ஒரே சோதனைதான் சொல்வார்கள். கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார். நகம் வழுக்கினால் திரும்பப் பூட்டு, மாட்டினால் தூக்கிப் போடு.

நகத்துக்கு அவன் எங்கே போவான்? தங்கச்சி படுத்ததிலிருந்து பத்து விரலையும் கடித்துத் துப்பியிருந்தான். விரல் நுனியால் தடவினால் சதைதான் நசுங்கியது, ஒன்றும் தெரியவில்லை.

“நீ வா. இந்தக் கோட்டுல இழுத்துப் பாரு. மாட்டுதா?”

அவள் பக்கத்தில் குந்தினாள். விரலை வைத்து ஒரு தடவை இழுத்தாள், இன்னொரு தடவையும் இழுத்தாள். அவன் இரும்பைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாட்டுதுண்ணே,” என்றாள்.

அவ்வளவுதான், அவன் உடைந்துபோனான். தரையில் சரிந்து உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு டிக் டிக் சத்தத்துக்காகத் தங்கச்சியைக் கொன்றுவிட்டோமே என்று புலம்பினான்.

அவள் அவன் தோளில் கை வைத்தாள். “விடுண்ணே. நமக்குக் குடுத்து வெக்கல.”

அந்தக் குரலில் பதற்றமே இல்லை. வேண்டாத விருந்தாளியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியவள் மாதிரி இருந்தது. அவன் திரும்பித் தோளில் இருந்த கையைப் பார்த்தான். விரல்களில் நகமே இல்லை. கிருமி தங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒட்ட வெட்டச் சொல்லியிருந்தார்கள். நேற்று அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிவிட்டான்.

“உனக்கு ஏதுடி நகம்?”

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

“எதுக்குடி பொய் சொன்ன?”

“போன தடவையும் இப்படித்தானே கூப்பிட்டாங்க?” அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. “பச்சைத் துணி போட்டு, படுக்க வெச்சுத் தள்ளிட்டுப் போயி, ஆபரேஷன் ரூம் கதவுகிட்ட வந்து, வந்த கிட்னி சரியில்ல, வீட்டுக்குப் போன்னாங்க. அந்தத் துணியைக் கழட்டிக் குடுத்துட்டு உன் பின்னாடி வந்து உக்காந்தேன். வழி பூரா உன் முதுகு குலுங்கிச்சு. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால முடியாதுண்ணே. வண்டி கெட்டுப்போச்சுன்னு பழியை அது மேல போட்டுட்டு இருந்துடலாம்.”

ஓங்கி ஒன்று விடலாமா என்றும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாமா என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மேல்மூடியை இரண்டு கையாலும் தூக்கி வாயருகே கொண்டுபோய், ராக்கர் முகத்தை நாக்கால் தடவினான்.

மண்ணெண்ணெய் குமட்டியது. வழவழப்பு, வழவழப்பு, பிறகு கோட்டின் மேல் ஏதோ ஒன்று. விளிம்பா, பிசுக்கா? மறுபடியும் தடவினான். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இதுவே கடைத்தெருத் தராசாக இருந்தால் சத்தியமாக முத்திரை குத்தியிருக்கமாட்டான்.

“வழவழன்னு இருக்கு,” என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா?

“பொய் சொல்ற.”

“நீ சொன்னதுக்கு இது சரியாப்போச்சு. போய்ச் செருப்பை மாட்டு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அவன் மூடியை முடுக்கியிருந்தான். உதைத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டிக் டிக் சத்தம் முன்பைவிடப் பலமாகக் கேட்டது.

பாலத்தில் ஏறியபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. கீழே ஆறு அகலமாகக் கிடந்தது. அக்கரையில் ஒரு கடை இல்லை, ஒரு வீடு இல்லை.

“சத்தம் கூடுதுண்ணே!” அவள் அவன் காதருகே கத்தினாள்.

“கூடட்டும்!”

எந்தச் சத்தத்தை ஒழிக்க மத்தியானம் எஞ்சினைத் திறந்தானோ, அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டே ஓட்டினான். அவன் முதுகு குலுங்குவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகமில்லாத விரல்களால் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

“நிக்காதுண்ணே. நீ ஓட்டு,” என்றாள்.

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.