மாவட்டப் பெட்டி திறக்கவில்லை

அமாவாசைக்கு மட்டும்தான் தறிக்கு லீவு. மற்ற நாளில் ராஜ்குமார் தறியில் உட்கார்ந்தால், சேலையின் வலப்பக்கக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவன் பெண்டாட்டி தேவிப்ரியா. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். அதனால் வங்கி கிளார்க் வேலைக்கு கம்ப்யூட்டரில் மனு போடுவதையும் அமாவாசைக்கு என்று தள்ளி வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் கடைசித் தேதி. நிறைந்த நாளில் போட்டால் நல்லதுதானே என்று ராஜ்குமார் சொன்னான்.

அடுத்த வருஷம் என்பது அவளுக்குக் கிடையாது. வயது வரம்பு இதோடு சரி. தபாலில் பி.காம் முடித்தவள். நாடாவுக்குத் தார்நூல் சுற்றும்போது புத்தகத்தை முழங்காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு படித்தவள். ஒரு கை ராட்டையில், ஒரு கண் கணக்கில். இழை அறுந்து அவனிடம் வாங்கிய திட்டும் உண்டு.

அருள்மணியின் பிரவுசிங் சென்டர் அவர்கள் தெரு முனையில் இருந்தது. முன்பெல்லாம் பெண்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். தெருப் பையன் ஒருவன் அங்கே கதவு போட்ட மறைப்புக்குள் அசிங்கப் படம் பார்த்து மாட்டிக்கொண்டான். தறிக்காரர்கள் கும்பலாகப் போய் நின்றார்கள். முன்னால் நின்றவன் ராஜ்குமார்.

"கதவெல்லாம் கழட்டு. கெட்டதெல்லாம் வராத மாதிரி ஒண்ணு போடு. இல்லன்னா கடையக் காலி பண்ணிகினு போயிகினே இரு" என்றான்.

அருள்மணி வேலூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து ஃபில்டர் போட்டான். 'நல்லா இறுக்கமாவே போடு, இவங்ககிட்ட யாரு பேச்சு வாங்கறது' என்று அவனே சொல்லிப் போட்டது. அதற்கப்புறம்தான் அந்தத் தெருப் பெண்கள் கடைக்குள் கால் வைத்தார்கள். ராஜ்குமாரும் அதனால்தான் அவளைக் கூட்டிவந்தான்.

"இன்னாணா, அண்ணிய மேனேஜர் ஆக்கிட்டு நீ வூட்ல சோறாக்கப் போறியா?" என்றான் அருள்மணி.

"ஆக்குவேன். உப்பு மட்டும் அவ வந்து போட்டுக்கட்டும்."

தேவிப்ரியா சிரித்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் ஏறியது. மாநிலம் தமிழ்நாடு. அடுத்து மாவட்டம். அந்தப் பெட்டியை அழுத்தினாள். ஊர்ப்பெயர்கள் வரிசையாக விழவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. மறுபடி அழுத்தினாள். அதை விட்டுவிட்டுக் கீழே இருந்த 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள். அது சுவரில் வரைந்த பொத்தான் மாதிரி இருந்தது.

"அருள், இந்த ஓரத்துல மஞ்சளா ஒரு முக்கோணம் வருதே, அது இன்னா?"

"அது எப்பவும் வரும் அண்ணி. கண்டுக்காதீங்க. அவங்க சர்வர் ஜாம். கடைசி நாள்ல ஊரே போடுதில்ல?"

வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அதிலும் மாவட்டம் வரவில்லை. மூன்றாவதிலும் இல்லை. நடுவில் கரண்ட் போய் வந்தது. பெயரிலிருந்து திரும்பத் தட்டினாள். மத்தியானச் சாப்பாடு போயிற்று. வெளியே வெயில் இறங்கியது.

"இன்னாங்க, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடை கீதே. அங்க போய்ப் பாத்துட்லாமா?"

"அங்கயா? ஒவ்வொரு ரூமுக்கும் கதவு போட்டு வெச்சிகீறான். அந்தக் கடையில பொம்பள போய் உக்காருவாளா?"

"நீங்க கூடவே நில்லுங்க."

"சர்வரு அவனுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணா கீது? இங்க வராதது அங்க மட்டும் எப்படி வரும்? ஏன் அருளு?"

"அதான்ணா" என்றான் அருள்மணி. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு சான்றிதழ் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். மறுநாள் தறி ஓடியது.

சில வாரம் கழித்து புஷ்பலதா வீட்டுக்கு வந்தாள். தேவிப்ரியாவோடு தபாலில் படித்தவள். இதே ஆரணியில் ஜவுளிக்கடை வேலை, தினமும் சேத்துப்பட்டிலிருந்து பஸ். அதே வங்கி வேலைப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டதாம்.

"உனுக்கு எந்த சென்டர்டி போட்டுகீறான்?"

"நான் எங்க போட்டேன்? அன்னிக்கி சர்வரே வேலை செய்யலியே."

"யார் சொன்னது? நானும் கடைசி நாள் சாயந்தரம்தான் போட்டேன். பஸ் ஸ்டாண்டு கடையில. டீ ஆர்றதுக்குள்ள போயிடுச்சி."

ராஜ்குமார் தறியில் இருந்தான். கால் மிதியிலேயே நின்றுவிட்டது. தேவிப்ரியா அவனைப் பார்க்கவில்லை. எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் அருள்மணி கடைக்கு நடந்தாள். ராஜ்குமாரும் பின்னாலேயே வந்தான்.

அருள்மணி வேலூர்காரனுக்குப் போன் போட்டான். பேசப் பேச அவன் முகம் சுருங்கியது. போனை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"கம்ப்யூட்டர்ல வர்ற பக்கத்துக்குள்ள சின்னச் சின்னக் கட்டளை ஓடுமாம் அண்ணி. அதுதான் பட்டியல் கொண்டாரும், பட்டன அமுத்துனா அனுப்பும். நம்ம ஃபில்டரு அத கெட்டதுன்னு நெனச்சி நிறுத்திடுச்சாம். அந்த மஞ்ச முக்கோணம் அதுக்குத்தான் வந்துச்சாம். பக்கம் மேலுக்குத் தெரியும், உள்ள எதுவும் ஓடாது. ரொம்ப இறுக்கிப் போட்டா நல்லதையும் புடிக்குமாம்."

அருள்மணி ஃபில்டரை நிறுத்தினான். தேவிப்ரியா உட்கார்ந்து முதலிலிருந்து தட்டினாள். தமிழ்நாடு என்றதும் மாவட்டப் பெட்டி பொலபொலவென்று திறந்தது. அரியலூர், ஈரோடு, கடலூர் என்று எல்லா ஊரும் இருந்தது. கீழே இறங்கித் திருவண்ணாமலையைத் தொட்டாள். 'அனுப்பு' பொத்தான் உள்ளே அமுங்கி வெளியே வந்தது. கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

"நீங்கதான்ணா கும்பலா வந்து போடச் சொன்னீங்க" என்றான் அருள்மணி.

ராஜ்குமார் கதவில்லாத மறைப்பில் கையை ஊன்றியபடி நின்றான். கீல் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் தறியில் உட்கார்ந்தார்கள். அவன் நாடாவைத் தள்ளினான், அவள் கரையைச் சேர்த்தாள்.

"அருளுகிட்ட போயி அந்த ஃபில்டர ஒரேயடியா கழட்டச் சொல்லிடறேன்" என்றான்.

"நீ யார்கிட்டயும் போயி எதுவும் சொல்லாத."

நாலைந்து இழை ஓடியது. அவன் திரும்ப வாயைத் திறந்தான்.

"வர்ற அமாவாசைக்கு எங்கனா போயிட்டு வரலாமா?"

"எங்க?" என்றாள்.

அவன் மிதியை அழுத்தினான். நாடா அவள் பக்கம் வந்தது. வாங்கித் தள்ளினாள்.