கோட்டுக்குக் கீழே உள்ள தண்ணீர்

குமாசி நகரில், எழுபது தாதி மாணவிகள் தங்கியிருந்த விடுதிக்கு அம்பெம் காவலர். கொல்லைத் தொட்டியில் போதிய தண்ணீர் இருந்தால்தான் தீப்பிடிக்கும்போது கூரைக் குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சும். திங்கட்கிழமை தீயணைப்பு அதிகாரி வந்து அளந்து பார்ப்பார். குறைந்திருந்தால் விடுதிக்குப் பூட்டு. பிள்ளைகளுக்குத் தேர்வோ இரண்டே வாரத்தில்.

எல்லாம் தெரிந்தும் சனிக்கிழமை பாதித் தொட்டித் தண்ணீரைக் கொடுத்துவிட்டார் அம்பெம்.

பக்கத்து வீட்டு அம்மாள் போக்குவாவின் அண்ணனுக்கு அன்று இறுதிச் சடங்கு. துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்தி முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தாயிற்று. சொல்லிவைத்த தண்ணீர் லாரி ஒபுவாசி சாலையில் பழுதாகி நின்றுவிட்டது. சாவு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? நகரக் குழாயில் இனி வியாழன்தான் தண்ணீர் என்பது, எல்லாம் முடிந்த பிறகே அவருக்கு நினைவு வந்தது.

ஞாயிறு விடிந்ததும், தேவாலய நன்றி வழிபாட்டுக்கான வெள்ளை உடுத்தி, அம்பெமுக்கு நன்றி சொல்ல வந்தார் போக்குவா. அம்பெம் தொட்டிக்குள் கம்பை விட்டு விழித்துக்கொண்டிருந்தார்.

"சாவு எங்க வீட்டுல, மூஞ்சி தொங்குறது உனக்கா தம்பி?"

"சும்மாதாங்க்கா..."

"சும்மா யாராச்சும் கம்பு விட்டுப் பாப்பாங்களா? சொல்லு."

சொன்னார். போக்குவா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"எங்கண்ணன் இருந்தப்பவே அடுத்தவன் வீட்டுத் தண்ணியிலதான் குளிப்பான். போயும் விடல பாரு! லாரி சரியாயிடுச்சாம். நேரா இங்கேயே விடச் சொல்றேன்."

"உங்க வீட்டுல அத்தனை பாத்திரம் கிடக்கே?"

"அழுக்குப் பானை காத்திருக்கும். நெருப்பு காத்திருக்குமா?"

லாரி வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதை ஊற்றிய பிறகும் தொட்டி அளவுக்கு நாலு விரல் குறைந்தது. தேவாலயத்தில் நன்றி வழிபாடு முடிந்ததும் போக்குவா எழுந்து விஷயத்தைச் சொன்னார். மதியம் கிணற்றடியிலிருந்து தொட்டிவரை வெள்ளை உடைகளின் வரிசை, ஒவ்வொரு தலையிலும் ஒரு வாளி. மாணவிகள் பாட்டோடு சேர்ந்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை அதிகாரி டான்சோ தொட்டியை அளந்தார், பம்பை ஓட்டிப் பார்த்தார்.

"சரியா இருக்குப்பா. கையெழுத்துப் போட்டுடலாம்."

அம்பெமுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "ஐயா, சனிக்கிழமை இது பாதியாத்தான் இருந்துச்சு." கர்த்தரை நினைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னார்.

எழுதப்போன பேனா நின்றது. "போக்குவா வீட்டுச் சடங்குக்கா?"

"ஆமாங்க."

டான்சோ தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு தட்டு சோறு தின்னுட்டு இந்தக் கையை அந்தத் தண்ணியிலதானேய்யா கழுவினேன்!"

சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "ஆனா அன்னிக்கு இங்க தீப்பிடிச்சிருந்தா? உன் மனசை மாத்த முடியாது. நீ தண்ணி பிடிச்சுக் கொடுக்குற குழாயை மாத்து. தீக்கு வேண்டிய அளவுல சிவப்புக் கோடு போட்டு, அதுக்கு மேல குழாயை வை. அப்புறம் கையெழுத்து."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது, கையெழுத்தும் விழுந்தது.

இப்போதும் வாளியோடு யார் வந்தாலும் அம்பெம் குழாயைத் திறந்துவிடுகிறார். கோட்டுக்கு வந்ததும் தண்ணீர் தானே நின்றுவிடும்.

"இதுவரைக்கும் உங்களோடது," என்பார். "இதுக்குக் கீழ உள்ளது தூங்குற பிள்ளைங்களோடது."